பேட்டரித் தீக்கென வாங்கிய சாதனங்கள்: நாகர்கோவில் குடியிருப்பொன்றின் மதிப்பீடு

நாகர்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தம்தான். தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிற்கும். மாடிப்படியும் லிஃப்டும் அந்தத் தளத்திலிருந்தே தொடங்குகின்றன. பெட்ரோல் ஸ்கூட்டர்கள் நின்ற இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் வந்து, பிறகு மின்சாரக் கார்களும் வந்து, தூண்களில் சார்ஜர் பெட்டிகள் ஏறிய பின், இவற்றில் ஒன்று தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் குடியிருப்போர் நலச்சங்கம் தள்ளிப்போட விரும்பவில்லை. மாவட்டத்தில் பல கட்டடங்களுக்குத் தீத்தடுப்புப் பொருள்கள் வழங்கிவரும் ஒரு விற்பனையாளரிடம் ‘மின்வாகனப் பாதுகாப்புத் தொகுப்பு’ என்ற பெயரில் அவர் விற்பதை வாங்கினோம். மரம், பெட்ரோல், எரிவாயு போன்றவற்றின் தீக்கான ஆறு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர்கள், லித்தியம் பேட்டரிக்கென்று சொல்லப்படும் வெர்மிகுலைட் திரவ சிலிண்டர்கள், காரை முழுவதுமாக மூடும் தீப்போர்வை ஒன்று, ஸ்கூட்டர் அளவுப் போர்வை ஒன்று, அரைநாள் பயிற்சி ஆகியவை அதில் அடக்கம்.

இதேபோன்ற தொகுப்பை வாங்க எண்ணுகிற குடியிருப்புகளும், கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்துவோரும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கும் கார்ப் போர்வைக்கும் கொடுத்த பணம் தகும். வெர்மிகுலைட் சிலிண்டர் சிறிய பேட்டரிகளுக்கு மட்டுமே தகும். பவுடர் சிலிண்டர் எந்தக் கட்டடத்திலும் இருக்கவேண்டிய பொருள்தான் என்றாலும், அதைப் பேட்டரித் தீயை அணைக்கும் கருவி என்று சொல்லி விற்பது தவறு, ஆபத்தும்கூட.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் பேட்டரித் தீயின் இயல்பிலேயே இருக்கிறது. லித்தியம் அயான் செல்லுக்குள் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய படலம். சுற்றிலும் எளிதில் எரியக்கூடிய கரிமக் கரைப்பான்கள் நிறைந்த திரவம் இருக்கிறது. அடிபடுவதாலோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுவதாலோ, தயாரிப்புக் குறையாலோ ஒரு செல் சூடேறி நூறு டிகிரியை நெருங்கும்போதே உள்ளே வெப்பம் உமிழும் வேதிவினைகள் தொடங்கிவிடுகின்றன. சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் படலம் உருகுகிறது, முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன, அதற்குப் பிறகு சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த செல்களில் நேர்முனைப் பொருளே சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. வெளிக்காற்றை மறைத்தால் தீ செத்துவிடும் என்ற, நாம் பள்ளியில் படித்த கணக்கு இங்கே பாதிதான் பொருந்தும். வெளியே தெரியும் சுவாலையை மறைக்கலாம். உள்ளே நடக்கும் வினையை மறைத்து நிறுத்த முடியாது. சூட்டை இறக்கினால்தான் அது நிற்கும்.

பயிற்சிக்கு வந்தவர், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பழைய பேட்டரி ஒன்றின் உறையைத் திறந்து காட்டினார். முற்றிலும் மின்னிறக்கம் செய்து பல காலம் ஒதுக்கி வைத்திருந்த பேட்டரி அது. உள்ளே சுண்டுவிரல் பருமனில் உருளை உருளையாகச் செல்கள் நெருக்கி அடுக்கப்பட்டு, நிக்கல் பட்டைகளால் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அத்தகைய செல் ஒன்றில் பத்து வாட்-மணி அளவுக்கு ஆற்றல் இருக்கும். அப்படியானால் மூன்று கிலோவாட்-மணி கொண்ட ஸ்கூட்டர் பேட்டரிக்கு முந்நூறு செல்கள் வேண்டும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு தீக்குச்சியைக்கூட நுழைக்க முடியாது. ஒன்று வெடித்தால் அடுத்ததற்குச் சூடு எப்படிக் கடக்கும் என்பதையும், வெளியிலிருந்து தெளிக்கும் எதுவும் நடுவில் இருக்கும் செல்லை ஏன் எட்டாது என்பதையும் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றைக் காட்டியதற்காகவே அவருக்கு எங்கள் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

பவுடர் சிலிண்டரின் செயல்விளக்கத்தை விற்பனையாளரின் ஆள்கள் செய்தார்கள். இரும்புத் தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து, பின்னைக் கழற்றி, கைப்பிடியை அழுத்தி, அடிப்பகுதியை நோக்கி இடமும் வலமும் வீசினார்கள். சில நொடிகளில் தீ அணைந்தது, கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்தச் சிலிண்டர் பெட்ரோலை நன்றாக அணைக்கிறது என்பதற்கு அது சான்று. பேட்டரியை அணைக்கும் என்பதற்கு அது எவ்விதத்திலும் சான்றாகாது. அதில் இருக்கும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் பவுடர் சுவாலையின் வேதிச்சங்கிலியை முறிக்கிறது, எரியும் பொருளின்மேல் படிந்து மூடுகிறது. ஆனால் சூட்டை மிகக் குறைவாகவே இறக்குகிறது. ஆகவே பேட்டரியின் மேல் அடித்தால் சுவாலை ஒரு கணம் மறைந்து, அடுத்த செல் திறந்ததும் மீண்டும் பற்றும். அந்த இடைவெளியில் தீ அணைந்துவிட்டது என்று நம்பி ஒருவர் அருகே குனிந்து பார்ப்பதுதான் எனக்குள்ள பயம். மின்வாகனத் தொகுப்பை விற்பவர்கள் பெட்ரோல் தட்டைக் கொளுத்திக் காட்டுவதை நிறுத்தவேண்டும் என்று விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். லித்தியம் ஓர் உலோகம், உலோகத் தீ டி வகுப்பைச் சேர்ந்தது, ஆகவே டி வகுப்புப் பவுடர் வாங்குங்கள் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். வாகனங்களில் உள்ள லித்தியம் அயான் செல்லில் லித்தியம் சேர்மமாகவும் அயனியாகவும் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள செல்லில் உலோகக் கட்டியாக எரிவதற்கு அது இல்லை. எரிவது பெரும்பாலும் கரைப்பானும் வாயுக்களும் பிளாஸ்டிக்கும்தான். எங்களுக்கும் முதல் விலைப்பட்டியலில் டி வகுப்பு சிலிண்டர் இருந்தது, நீக்கச் சொல்லிவிட்டோம்.

வெர்மிகுலைட் சிலிண்டரைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டும், ஏனென்றால் அது வெறும் விளம்பரப் பொருள் அல்ல. வெர்மிகுலைட் என்ற கனிமத்தின் மிக நுண்ணிய தகடுகள் நீரில் கலந்திருக்கின்றன. தெளிக்கும்போது நீர் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது, தகடுகள் படிந்து காய்ந்து எரியாத ஓர் ஓடாக மாறி அடுத்த செல்லுக்குச் சூடு போவதைத் தாமதப்படுத்துகின்றன. கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், சைக்கிள் பேட்டரி போன்றவற்றுக்கு இது பொருத்தமான கருவி. கைபேசி பழுதுபார்க்கும் கடைகளிலும், மார்த்தாண்டம் பக்கம் பேட்டரி மாற்றிக் கட்டித்தரும் பட்டறைகளிலும் மேசைக்கு எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கவேண்டும் என்பேன். ஆனால் ஸ்கூட்டர், கார் பேட்டரிகள் நீர் புகாத உறைக்குள் மூடப்பட்டிருக்கின்றன. மழையில் நனைந்தால் கெடாமல் இருப்பதற்காகச் செய்த அந்த உறையே தீப்பிடிக்கும் வேளையில் மருந்து உள்ளே போகாமல் தடுக்கிறது. உறை வெடித்துத் திறந்த பிறகு ஒன்பது லிட்டர் திரவம் ஸ்கூட்டரைக் கொஞ்சம் அடக்கலாம். காரின் அடித்தளம் முழுவதும் பரவிய பேட்டரிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. சிலிண்டரின் மேல் ‘எல்லா மின்வாகனங்களுக்கும்’ என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை இந்தக் காரணத்துக்காகவே நாங்கள் கிழித்துவிட்டு, ‘சிறிய பேட்டரிகளுக்கு மட்டும்’ என்று தமிழில் எழுதி ஒட்டினோம். வாங்குவோர் கைச்சிலிண்டர்களுக்கான இந்தியத் தரநிலையாகிய ஐஎஸ் 15683 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும். அந்த முத்திரை சிலிண்டரின் கட்டமைப்பும் செயல்திறனும் சோதிக்கப்பட்டதைச் சொல்கிறதே தவிர, பேட்டரித் தீக்கு உகந்தது என்று சான்றளிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். வெர்மிகுலைட் சிலிண்டரின் விலை அதே கொள்ளளவுள்ள பவுடர் சிலிண்டரின் விலையைப்போல் சில மடங்கு என்பதால், தளத்துக்கு ஒன்று போதும்.

கார்ப் போர்வைக்கு வருகிறேன். தொகுப்பில் மிக விலை கூடிய பொருள் இதுதான். ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஏறக்குறைய ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர் அளவுள்ள, மேற்பூச்சு கொடுத்த கண்ணாடியிழைத் துணி. ஆயிரம் டிகிரிக்கு மேல் தாங்கும் என்று பையில் அச்சிட்டிருக்கிறது. எடை இருபது கிலோவுக்கு மேல். இரண்டு மூலைகளில் பிடிகள் உண்டு. இருவர் ஆளுக்கொரு பிடியைப் பற்றி, காரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, பிறகு விளிம்புகளைத் தரையோடு அழுத்திவிட்டு விலகவேண்டும்.

ஒரு பழைய காரின்மேல் ஒத்திகை பார்த்தோம். கட்டடத்துக்குள் நன்றாக விரிந்தது, பக்கக் கண்ணாடியில் சிக்கியபோது மட்டும் ஒருவர் போய் விடுவிக்கவேண்டியிருந்தது. வெளிமுற்றத்தில் செய்தபோது நிலைமையே வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்று எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்துக்காரருக்குச் சொல்லவேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இருபது கிலோத் துணி தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு எழும்பி, இழுத்தவர்களில் ஒருவரைச் சாய்த்துவிட்டது. எரியும் கார் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் எங்கே விழுந்திருப்பார் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை. ஆனி முதல் ஆவணி வரை, திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று காற்று போகும் திசையிலேயே இழுப்பது, விளிம்பில் மணல்மூட்டை போடுவது, ஆள் குறைவாக இருந்தால் போர்வையைத் தொடாமலே விடுவது என்று எங்களுக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். விற்பனையாளரின் கையேட்டில் காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குமரி மாவட்டத்தில் விற்கும் கையேட்டில் அது முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

போர்வை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டே வாங்கவேண்டும். அது வெளிச்சுவாலையை ஒடுக்குகிறது, பக்கத்து வண்டிக்கும் மேற்கூரைக்கும் வெப்பக்கதிர் பாய்வதைத் தடுக்கிறது, புகையைக் குறைக்கிறது. படிக்கட்டு வழியாக மக்கள் இறங்குவதற்குக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அதன் முழு மதிப்பு, அதற்காக நான் அந்த விலையைக் கொடுக்கத் தயார். பேட்டரிக்குள் நடப்பதை அது நிறுத்துவதில்லை. செல்கள் தொடர்ந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற எரிவாயுக்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். போர்வைக்கு அடியில் சுவாலை இல்லாததால் அவை எரியாமல் தேங்கும். எட்டிப் பார்க்கலாம் என்று யாராவது ஒரு மூலையைத் தூக்கினால் காற்றும் வாயுவும் கலந்து வெடிக்கும். மூடிய போர்வையைக் குடியிருப்போர் எவரும் திறக்கக்கூடாது, தீயணைப்புப் படையினர்தான் திறக்கவேண்டும் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். இதையும் கையேடு சிற்றெழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே சொல்கிறது.

எங்கள் கட்டடத்தில் உள்ள கார்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொண்டவையும் உண்டு. அது தீப்பிடிக்காது, அதற்கு இந்தப் பேச்செல்லாம் தேவையில்லை என்று விற்பனையாளரின் ஆள் சொன்னார். அந்த வகைச் செல் கூடுதல் சூட்டைத் தாங்கும், ஆக்சிஜனை எளிதில் விடாது என்பது உண்மை. ஆனால் சிதையும்போது எரிவாயுவை வெளிவிடுவதில் அது விலக்கல்ல. 2021 ஏப்ரல் 16 அன்று பெய்ஜிங்கில் ஒரு மின்சேமிப்பு நிலையத்தில் தேங்கிய வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர் இருவர் இறந்தார்கள். அங்கே இருந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். ஆகவே போர்வையைத் திறப்பது பற்றிய எச்சரிக்கை இரு வகைக்கும் பொருந்தும்.

ஸ்கூட்டர் போர்வையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஸ்கூட்டர் பேட்டரி இருக்கைக்கு அடியிலோ கால்வைக்கும் தளத்திலோ இருப்பதால், போர்வையைப் போடுபவர் சீறும் வாயுவுக்கு மிக அருகே போகவேண்டியிருக்கிறது. உருளைச் செல்கள் வெடித்து வெளியே தெறிப்பதும் உண்டு. ஒரு ஸ்கூட்டர் எரிந்து போனால் போகட்டும்.

புகையைப் பற்றிய அச்சத்தை நான் மிகைப்படுத்தவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் பற்றி எரிந்தபோது தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே இருந்த தங்கும் விடுதிக்கு ஏறி, எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். கீழே வண்டிகள், மேலே அறைகள், இடையே ஒரே படிக்கட்டு என்ற அமைப்பு கன்னியாகுமரியில் எத்தனை விடுதிகளுக்கு இருக்கிறது என்று அங்கே ஒருநாள் தங்கியவர்கள் அறிவார்கள். இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல, நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடும் இருக்கிறது. தொடக்கத்தில் அது வெள்ளையாக, நீராவி போலவே தோன்றும். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது எவ்விதப் பாதுகாப்பும் தராது.

பயிற்சியில் கேள்வி நேரம்தான் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. எங்கள் வாட்ச்மேன், “சார், பேட்டரியக் கழத்தி வெளிய எடுத்துப் போட்டா போதாதா?” என்று கேட்டார். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள ஸ்கூட்டர்கள் கட்டடத்தில் இருப்பதால் அது எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. பயிற்சியாளர் அவரிடம், “புகை வந்திட்டுன்னா தொடவே கூடாது அண்ணாச்சி. உங்க கையிலேயே வெடிச்சிரும். மெயின ஆஃப் பண்ணுங்க, மாடியில உள்ளவங்களக் கூப்பிட்டு இறக்குங்க, நூத்தியொண்ணுக்கு அடிங்க. சிலிண்டரத் தேடுறதெல்லாம் அதுக்குப் பொறவுதான்” என்றார். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியம்மா ஒருவர், கீழே புகை நிறைந்திருந்தால் தான் எப்படி இறங்குவது என்று கேட்டதற்கு, இறங்கவே வேண்டாம், கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, தெருப்பக்கத்து பால்கனிக்கு வந்து நின்று குரல் கொடுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். 101 கிடைக்காவிட்டால் 112 என்பதையும், அழைக்கும்போதே ‘மின்சார வண்டி, பேட்டரி எரிகிறது’ என்று சொல்லவேண்டும் என்பதையும் அனைவரையும் திரும்பச் சொல்லவைத்தார். பேட்டரி என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் கூடுதல் தண்ணீரோடும் மூச்சுக்கருவியோடும் கிளம்ப முடியும்.

தண்ணீர்தான் இந்தத் தீக்கு உண்மையான மருந்து. அதை எந்த விற்பனையாளரும் தொகுப்பில் போட்டு விற்க முடியாது. டெஸ்லா நிறுவனம் மீட்புப் படையினருக்காக வெளியிட்ட வழிகாட்டி, ஒரு காரின் பேட்டரியை அணைத்துக் குளிர்விக்க 3,000 கேலன், அதாவது 11,000 லிட்டருக்கும் மேல் நீர் வேண்டியிருக்கலாம் என்கிறது. முழுமையாக அணைய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்றும், அணைந்த வண்டியைப் பிற பொருள்களிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தவேண்டும் என்றும் அது கூறுகிறது. கொஞ்சம் தண்ணீரை ஊற்றிவிட்டு நிறுத்துவது கூடாது. எரிந்து முடிந்த பேட்டரியில் சேதமடையாத செல்கள் தம் மின்னாற்றலைத் தேக்கி வைத்திருந்து, இழுவை வண்டியில் ஏற்றும்போதோ பட்டறையில் நிறுத்திய பிறகோ மீண்டும் பற்றுவதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பேசுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்த பின் எங்கள் கட்டடத்தில் ஒன்றைக் கவனித்தோம். தரைத்தளத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது; ஆனால் மெயினை நிறுத்தினால் அதன் பம்பும் நின்றுவிடும். ஆகவே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேரே இறங்கும் தனிக் குழாய் போட்டு, நுழைவாயில் அருகே வால்வும் நீண்ட ஹோஸும் வைத்தோம். நான்கு மாடி உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு மின்சாரம் இல்லாமலே நல்ல வேகம் இருக்கிறது. அதைக்கொண்டு எரியும் காரை அணைக்க முயல்வது எங்கள் நோக்கமல்ல. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின், வெளியே நின்றபடி பக்கத்து வண்டிகளையும் படிக்கட்டு வாயிலையும் நனைத்துக்கொண்டிருப்பது மட்டுமே நோக்கம். தண்ணீரைப் பீய்ச்சும் தானியங்கி அமைப்பு உள்ள கட்டடத்தில் இருப்பவர்கள் அதை எந்தக் காரணத்துக்கும் அணைத்து வைக்கக்கூடாது. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் அடுக்குமாடி ஒன்றின் நிலத்தடி நிறுத்தத்தில் ஒரு மின்சாரக் கார் பற்றியபோது அங்கே அந்த அமைப்பு நிறுத்தப்பட்டது. சுமார் எட்டு மணி நேரம் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் தீயாலும் புகையாலும் பாழாயின.

கடலோரத்தவர்களுக்காகப் பயிற்சியாளர் தனியே ஒதுக்கிய பகுதி கையேட்டில் இல்லாதது. எங்கள் மாவட்டத்துக்கு அதுவே முதன்மையானது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற ஊர்களில் கள்ளக்கடல் எனப்படும், திடீரெனப் பொங்கும் கடல் சீற்றத்தின்போது அலை தெருவுக்குள் ஏறி வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிகளை நனைத்துவிடுவது உண்டு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கும், காய்ந்த பின்னும் உப்பு தங்கி உலோகத்தை அரிக்கும். தீ அன்றைக்கே பற்றவேண்டும் என்பதில்லை. நாள் கழித்தும் பற்றலாம். 2022இல் இயன் புயலுக்கும் 2024இல் ஹெலீன் புயலுக்கும் பின் அமெரிக்காவின் புளோரிடாவில் கடல்நீர் புகுந்த மின்வாகனங்கள் இப்படி எரிந்தன. ஆகவே அலையில் மூழ்கிய ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்துச் சார்ஜ் போட்டுப் பார்ப்பது கூடாது. வீட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குச் சொல்லவேண்டும். வீட்டுக்குள் ஒதுக்கி வைப்பதுதான் நம் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையில் மனக்குறை உண்டு. சிலிண்டர்களின் அழுத்தத்தைக் காலமுறையில் வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தும், நாங்கள் பலமுறை நினைவூட்டிய பின்னரே ஆள் வந்தார். வந்தவரும் அழுத்தமுள்ளைப் பார்த்துக் கையெழுத்திட்டாரே தவிர, ஒரு சிலிண்டரின் குழாய்முனையில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைக் கவனிக்கவில்லை. அதை எங்கள் வாட்ச்மேன்தான் கண்டார். கடற்காற்றில் சிலிண்டரின் அடிவளையத்தில் துரு பிடிப்பதும் விரைவாகவே நடக்கிறது. நேரே தரையில் வைக்காமல் சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை நாமே பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்ததும் தருவதாகச் சொன்ன தமிழ்ச் செயல்முறை அட்டை வரவேயில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ள ஓர் ஆசிரியை எழுதித் தர, அதை அச்சிட்டு லிஃப்ட் அருகே ஒட்டியிருக்கிறோம்.

புதிய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு சொல். மின்ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 தரநிலையின் கடுமையாக்கப்பட்ட விதிகள் 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டியையோ, வெளியில் மாற்றிக் கட்டிய பேட்டரி உள்ள வண்டியையோ செகண்ட் ஹேண்டில் வாங்கினால், அதைப் படிக்கட்டை விட்டு விலகிய இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே சார்ஜ் செய்யவேண்டும் என்று எங்கள் சங்கம் விதித்திருக்கிறது. சார்ஜர் பெட்டிகள் அனைத்தையும் படிக்கட்டுத் தூணிலிருந்து கழற்றி எதிர்ப்புறச் சுவருக்கு மாற்றினோம். ஒரே ஒரு எலக்ட்ரீசியனின் கூலியும் கொஞ்சம் கேபிளும்தான் செலவு. மொத்தத் தொகுப்பிலும் இதற்கு ஈடாக ஆபத்தைக் குறைத்த பொருள் வேறு இல்லை.

தனி வீட்டில் ஒரு ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவர் இந்தத் தொகுப்பை வாங்கத் தேவையில்லை. வண்டியை வாசலை மறிக்காமல் வெளியே நிறுத்திச் சார்ஜ் செய்வதும், வீட்டில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவி மாட்டுவதும் அவருக்குப் போதும். கீழே பத்து வண்டிகளும் மேலே அறைகளும் உள்ள விடுதி நடத்துபவர் கார்ப் போர்வையையும் பயிற்சியையும் வாங்கலாம். பயிற்சியை இரவுப் பணியாளர்கள் இருக்கும் நேரத்தில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே விற்பனையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஸ்கூட்டர் போர்வையை விலக்கி, அந்தத் தொகைக்கு ஆண்டுதோறும் மறுபயிற்சி கேட்டிருக்கிறோம். தேதி குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.